கொறங்காட்டு ஓரத்துல முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி: நட்டதுல இருந்து ஆட்டுக்கு வெட்டிப் போட்டது வரைக்கும்

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவால எங்க காடு இருக்குதுங்க. மேல செம்மண்ணு, ஒரு முழம் தோண்டுனா சுக்காங்கல்லு, அதுக்கும் கீழ பாறை. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுத்தி மழை வந்தா நல்ல வருசம். அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில ஒட்டுக்கா கொட்டிப்போட்டுப் போயிரும், அப்பறம் மாசி பங்குனி வந்துட்டா கொறங்காட்டுல (வேலி போட்டு ஆடுமாடு மேயறதுக்குன்னே விட்ட காடு) கொழுக்கட்டைப்புல்லு பூராம் காஞ்சு, ஆடுக எல்லாம் வெள்வேலங்காய் எப்ப உதுரும்னு மரத்தடியிலயே நிக்கும். போர்ல சோளத்தட்டு இருக்கும், ஆனா பச்சைன்னு ஒரு வாய் இருக்காது. அந்த ரெண்டு மூணு மாசத்துக்காகத்தான் முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி வெச்சுப் பாக்கலாம்னு எறங்குனோம். வெச்சு, வேர் புடிச்சு, பூச்சி வந்து, அதைத் தொரத்தி, இப்ப வெட்டி ஆட்டுக்குப் போடற அளவுக்கு வந்திருக்குது. பண்ணுனத பண்ணுன மாதிரியே எழுதறேன்.

மொதல்ல ஒண்ணச் சொல்லிப்போடறேன். ரோட்டோரத்துல, கரட்டுல, பொறம்போக்குல நாம பாக்கறது முள்ளுச் சப்பாத்தி, ஒபன்ஷியா டில்லெனி. மஞ்சப் பூ, மஞ்ச முள்ளு, கருஞ்செவப்புல பழம். நாங்க வெச்சது அதில்லைங்க, ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகாங்கற வகையில முள்ளில்லாத ரகம். மெக்சிகோ பக்கத்துச் செடி, அங்க மனுசங்க காலங்காலமா பொறுக்கிப் பொறுக்கி வளத்து முள்ளக் கொறச்சுக் கொண்டுவந்தது. நம்ம நாட்டுல ஜான்சியில இருக்கற புல்வெளி தீவன ஆராய்ச்சி நிறுவனமும் ஜோத்பூர்ல இருக்கற வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் இத வறட்சிக்காலத் தீவனமா வளத்துப் பாத்துட்டு இருக்கறாங்க. ரெண்டு செடியும் ஒரே குடும்பம்தான், ஆனா பண்ற வேலையும் வர்ற தொல்லையும் வேற வேற. அந்தத் தொல்லையப் பத்திக் கீழ நெம்பவே எழுதியிருக்கறேன், அவசரமா இருக்கறவங்க அத மட்டுமாச்சும் படிச்சுப்போடுங்க.

மட்டை, அதாவது கள்ளியோட தட்டையான தண்டு, வடக்கால இருந்து தெரிஞ்சவங்க மூலமா சாக்குல வந்துச்சு. சாக்கப் பிரிச்சுக் கொட்டறதப் பாத்துட்டு மாமா, "ஏனம்மணி, அவனவன் கள்ளிய வெட்டித் தள்ளறான், நீ காசு குடுத்து வாங்கி நடறயா"ன்னு கேட்டாரு. "இதுக்கு முள்ளு இல்லீங்க மாமா, ஆட்டுக்குங்க"ன்னேன். ஒரு மட்டைய எடுத்து இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தடவிப் பாத்துப்போட்டு ஒண்ணும் பேசாமப் போனவரு, பொழுதோட உள்ளங்கையத் தேச்சுட்டே வந்து, "முள்ளு இல்லைன்ன, இதென்ன"ன்னு கையக் காட்டுனாரு.

அது முடிமுள்ளு. முள்ளில்லாத ரகம்னாலும் இது இருக்கும். மட்டையில வரிசையாப் புள்ளி இருக்குதுல்ல, ஒவ்வொரு புள்ளியிலயும் மஞ்சளும் பழுப்புமா ஒரு சின்னக் கொத்து, மயிரவிட மெல்லிசு, லேசாத் தொட்டாலே கழண்டு வந்து தோல்ல ஏறிக்கும். நுனியில பின்பக்கமாத் திரும்புன செதில் இருக்கறதால தேய்க்கத் தேய்க்க உள்ளதான் போகும், வெளிய வராது. அதனால குத்துனா தேய்க்காதீங்க. பெவிகால மெல்லிசாத் தடவி, மேல ஒரு துண்டு வலைத்துணி போட்டு, நல்லாக் காய விட்டு ஒரே இழுப்பா உரிச்சா பெரும்பாலும் ஒட்டிட்டு வந்துரும். மிச்சம் இருக்கறத வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்து, பளபளன்னு தெரியறத ட்வீசர்ல புடுங்கணும். மட்டைய எப்பவும் இடுக்கியிலயோ மடிச்ச சாக்குலயோ புடிக்கறதுதான் நல்லது, துணி கிளவுஸ் போட்டா முள்ளு கிளவுஸ்ல ஏறி அடுத்த தடவ போடறப்ப உள்பக்கமா குத்தும். கண்ணுல கை வெக்கவே கூடாது, கொழந்தைங்க இருக்கற வீட்டுல வெட்டற எடத்தத் தனியா வெச்சுக்கங்க.

நடறதுக்குன்னு எடுக்கற மட்டை ஒரு வருசம் முதுந்ததா, கெட்டியா, கரும்பச்சையா இருக்கணும். பிஞ்சு மட்டை அழுகும். அடியில இருக்கற மரத்துப்போன மட்டை துளிர் விட நெம்ப நாளாகும். ரெண்டு மட்டை சேர்ற கழுத்துலதான் வெட்டணும், நடுவால வெட்டுனா காயம் பெருசு. வெட்டுனதும் நட்டறாதீங்க, இதுதான் முக்கியம். காப்பர் ஆக்சிகுளோரைடுங்கற பூஞ்சாண மருந்த லிட்டருக்கு 3 கிராம் கலந்து அதுல வெட்டுவாயி நனையற மாதிரி முக்கி எடுத்து, சாளைக்குள்ள (காட்டுக் கொட்டகை) நெழல்ல, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம, காத்துப் போற மாதிரி சாத்தி வெச்சோம். ரெண்டு வாரம் கிட்ட ஆச்சு. வெட்டுவாயி மொதல்ல கொழகொழன்னு இருந்து, அப்பறம் வெளுத்து, கடைசியில நெகத்துல சொரண்டுனா ஈரம் ஒட்டாத மாதிரி காஞ்ச தோலு கட்டிக்கும். அந்தத் தோலு கட்டுனாத்தான் மண்ணுல இருக்கற அழுகல் கிருமி உள்ள போவாது. மட்டை கொஞ்சம் சுருங்கும், அதுக்குப் பயப்பட வேண்டியதில்லை, வெளிய கெடந்தாலும் உள்ள இருக்கற தண்ணிய வெச்சே நெம்ப நாளைக்கு உயிரோட இருக்கற செடி இது.

தை கடைசியில நட்டோம். இந்த நேரத்தத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் நம்மூரு காத்துதான். ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து எங்க பக்கம் எப்படி அடிக்கும்னு இங்க நிக்கற காத்தாடிகளப் பாத்தாலே தெரியும். சும்மா மண்ணுல சொருகி நிக்கற ஒத்தை மட்டை அந்தக் காத்துல சாஞ்சு, வேர் அறுந்து, மறுபடி புடிக்கறதுக்குள்ள மழை வந்துரும். தையில வெச்சா சித்திரையில ஒரு கோடைமழை கெடைக்கும், ஆனி ஆடிக்குள்ள வேரு ஊனி நின்னுக்கும். அதுக்கும் மேல ஒவ்வொரு மட்டைக்கும் மேகாத்துப் பக்கமா காட்டுலயே கெடக்கற கல்ல எடுத்து அண்டக் குடுத்தோம். கல்லுக்குக் கீழ ஈரமும் நிக்குது, அது கூடுதல் லாபம்.

எடத்தப் பொறுத்தவரைக்கும் குழி வேண்டாம், மேடு வேணும். ஒன்றரை அடி ஒசரத்துக்குக் கரை போட்டு, செம்மண்ணோட ஓடை மணலும் நல்லா மக்குன ஆட்டுப்புழுக்கையும் கலந்தோம். பச்சைச் சாணம் போடவே கூடாது. வரிசைக்கு வரிசை ஆளு சாக்கோட நடந்து போற அளவு எடம் விடுங்க, ரெண்டு வருசத்துல அது பத்தாமப் போயிரும். மட்டையில மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள, மிச்சம் வெளிய. தட்டையான முகம் ரெண்டும் கெழக்கையும் மேக்கையும் பாக்கற மாதிரி நடணும், வெடியால வெயிலும் பொழுதோட வெயிலும் முழு முகத்துலயும் விழும், உச்சி வெயில் விளிம்புல மட்டும் படும். நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு வர்ற ஊருங்கறதால இந்தத் தெசைக்கு நல்ல பலன் உண்டு. தெக்குவடக்கா முகம் இருக்கற மாதிரி நட்டாலும் செத்துப் போவாது, ஆனா புது மட்டை வர்றது கொறையும்.

தண்ணி. நட்டு ஒரு வாரத்துக்குச் சொட்டுக்கூட ஊத்தல. அப்பறம் மொதக் கோடையில மட்டும் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா ஒரு சொம்பு. இதுல தண்ணியோட அளவவிடத் தண்ணியோட தரம் பெருசு. சப்பாத்திக்கள்ளி வறட்சியத் தாங்கும், ஆனா உப்பத் தாங்காது, வேரு உப்புக்குச் சீக்கிரமே சுருண்டுக்கும். எங்க போர்வெல் தண்ணி மூஞ்சி கழுவுனாலே கரிக்கும், அதனால மழைத்தண்ணி புடிச்சு வெச்ச தொட்டியில இருந்துதான் ஊத்துனோம். நொய்யல் ஓரத்துல காடு இருக்கறவங்க இத இன்னும் கவனிக்கணும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணி பாஞ்சு மண்ணு எப்படி உப்பேறிப் போச்சுன்னு நமக்கு எல்லாம் தெரியும், அந்த மாதிரி எடத்துல மண்ணையும் தண்ணியையும் டெஸ்ட் பண்ணாம கள்ளிதானேன்னு வெக்காதீங்க.

இந்தச் செடி மூச்சு விடறது ராத்திரியில. பகல்ல இலைத்துளை எல்லாத்தையும் மூடி வெச்சுக்கும், வெயில் தாந்து குளுந்த பொறவுதான் தொறந்து காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட உள்ள இழுத்து மாலிக் அமிலமா மாத்தி மட்டைக்குள்ள சேத்து வெக்கும், பகல்ல கதவ மூடிட்டு அந்த அமிலத்த வெச்சுச் சமைச்சுக்கும். படிச்சப்பவே நல்லா இருந்துச்சு, ஆனா நாக்குலயே தெரியும்ங்கறதுதான் அதிசயம். பிஞ்சு மட்டையில ஒண்ண வெடியால சூரியன் வர்றதுக்கு முந்தி வெட்டி, முடிமுள்ளுப் புள்ளிய எல்லாம் கத்தியில செதுக்கி எடுத்துப்போட்டு ஒரு துண்டு வாயில வெச்சேன், புளிச்சக்கீரை மாதிரி சுருக்குன்னு புளிப்பு. அதே செடியில அதே பருவத்து மட்டைய சாயங்காலம் வெட்டித் தின்னா புளிப்பே இல்லை, வெண்டைக்கா வழவழப்பும் பச்சை வாசனையும் மட்டும்தான். அன்னைல இருந்து ஆட்டுக்கு வெட்டறத மத்தியானத்துக்கு மேல மாத்திக்கிட்டோம், புளிப்பு கொறஞ்ச மட்டைய ஆடு இன்னும் ஆசையாத் தின்னுது.

சித்திரை மழைக்கு அப்பறம் துளிர் வந்துச்சு. மேல் விளிம்புல சின்ன மொட்டா வரும், அது பூவா மட்டையான்னு மொதல்ல தெரியாது. தட்டையா வந்தா மட்டை, உருண்டையா குண்டா வந்தா பூ. பிஞ்சு மட்டைய உத்துப் பாத்தீங்கன்னா ஒவ்வொரு புள்ளியிலயும் அரிசியளவு பச்சையா ஒண்ணு கூராத் துருத்திட்டு நிக்கும், அதுதான் இந்தச் செடியோட நெசமான இலை. கொஞ்ச நாள்ல காஞ்சு உதுந்துரும், நாம இலைன்னு நெனைக்கறது பூராம் தண்டு. மொத வருசம் ஒரு மட்டையில ரெண்டு புது மட்டைய மட்டும் விட்டு மிச்சத்தக் கிள்ளிப்போட்டோம், பூ வந்தாலும் கிள்ளிப்போட்டோம். அடி மட்டை தடிக்காம மேல மேல பாரம் ஏறுனா காத்துக்கு ஒடஞ்சுரும்.

களை எடுக்கறப்ப மம்முட்டி போடாதீங்க. வேரு பெரும்பாலும் மேல ஒரு அடிக்குள்ளதான் படந்து கெடக்குது, லேசாத் தூறல் விழுந்தாக்கூட உறிஞ்சிக்கறதுக்காக. களைக்கொத்துல மேலாப்புல கொத்தி, பார்த்தீனியம் வந்தா பூக்கறதுக்கு முந்தி கையில புடுங்கிப்போடுங்க. மயிலு வந்து கரையக் கீறி மண்ண எறைக்கும், அதுக்குச் சீமைக்கருவேல முள்ள வெட்டிக் கரை மேல பரப்பி வெச்சோம், இப்ப வர்றதில்லை.

இனி பூச்சி.

ஒரு நாள் வெடியால களை எடுக்கறப்ப அடி மட்டையில, நெழல் பக்கமா, ரெண்டு மட்டை சேர்ற மூட்டுல வெள்ளையாப் பஞ்சு ஒட்டியிருக்குது. பப்பாளியில மரவள்ளியில மல்பெரியில எல்லாம் வந்த மாவுப்பூச்சியாட்டத்தான் மொதப் பார்வைக்கு இருக்கும். 2008-ல கோயமுத்தூர்ப் பக்கம் அந்தப் பப்பாளி மாவுப்பூச்சி வந்து எத்தனை காடு போச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனா இது அதில்ல. ஒரு குச்சியில அந்தப் பஞ்ச எடுத்து வெள்ளைத் துணியில வெச்சு நசுக்குனேன், ரத்தம் வந்த மாதிரி கருஞ்செவப்புல துணியில பரவுச்சு. பப்பாளி மாவுப்பூச்சிய நசுக்குனா மஞ்சளாத்தான் வரும். செவப்பு வந்துச்சுன்னா அது கொச்சினீல், டாக்டைலோபியஸ் வகை, கள்ளிய மட்டுமே திங்கற பூச்சி. அந்தச் செவப்பு கார்மினிக் அமிலம், துணிக்குப் போடற கார்மைன் சாயம் எடுத்ததே இந்தக் குடும்பத்துல இருந்துதான்.

மாமாவக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். அவரு பாத்த ஒடனே, "எங்கய்யன் சொல்லுவாரும்மணி, அவரு சின்னப்பையனா இருக்கறப்ப இந்தக் காடு கரடு பூராம் சப்பாத்திமுள்ளாக் கெடந்துச்சாமா, மாடு கன்னு உள்ள போனா வெளிய வராதாமா, அப்ப வெள்ளைப்பூச்சின்னு ஒண்ணு வந்து அத்தனையும் தின்னு அழுக வெச்சுப்போட்டுதாமா. அதுதானா இது"ன்னாரு.

அதேதாங்க. சப்பாத்திக்கள்ளி நம்ம மண்ணுச் செடி கெடையாது, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. மெக்சிகோவுல இருந்து போன கொச்சினீல் சாயத்த வெச்சு ஸ்பெயின்காரங்க சம்பாதிச்சதப் பாத்துட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க இங்கயே அத எடுக்கலாம்னு 18-ஆம் நூற்றாண்டு கடைசியில மெட்ராஸ் சைதாப்பேட்டையில ஜேம்ஸ் ஆண்டர்சன்ங்கற டாக்டர வெச்சுக் கள்ளித் தோட்டமே போட்டாங்க. 1795-ல பிரேசில்ல இருந்து பூச்சியும் கல்கத்தாவுக்கு வந்து சேந்துச்சு, ஆனா வந்தது நல்ல சாயம் குடுக்கற பூச்சி இல்லை, காட்டு வகை. சாயம் தேறல, அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளிய மட்டும் தின்னு தீத்துச்சு. அது தொடாத இன்னொரு வகை, நம்ம முள்ளுச் சப்பாத்தி, பின்னால காடு கரையெல்லாம் பரவிருச்சு. அதுக்கு மருந்தா 1926-ல இலங்கையில இருந்து டாக்டைலோபியஸ் ஒபன்ஷியேங்கற இன்னொரு பூச்சியக் கொண்டுவந்து விட்டாங்க, இலங்கைக்கு அது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்துச்சு. கொஞ்ச வருசத்துலயே தென்னிந்தியாவுல பெரும்பரப்பு முள்ளுக்காடு அழிஞ்சு நெலம் வெளிய வந்துச்சு. மாமாவோட அய்யன் பாத்தது அதத்தான். அவங்களுக்கு நெலத்த மீட்டுக் குடுத்த பூச்சி அது. அதே பூச்சிதான் நாம தீவனத்துக்குன்னு ஆசையா வெக்கற முள்ளில்லாக் கள்ளியையும் திங்குது. மொராக்கோவுல 2014-ல இந்தப் பூச்சி வந்து ஊரூரா வேலியா நின்ன கள்ளியெல்லாம் கண்ணு முன்னால பட்டுப்போச்சு. அதனாலதான் சொல்றேன், இந்தச் செடிக்குத் தண்ணி வேண்டாம், உரம் கூட அதிகம் வேண்டாம், ஆனா வாரம் ஒருக்கா ஒவ்வொரு செடியையும் குனிஞ்சு அடி மட்டையப் பாக்கற ஆளு வேணும். அந்த நேரம் இல்லாதவங்க வெக்காதீங்க.

நாங்க பண்ணுன வைத்தியம் இதுதான். நெம்ப அப்பியிருந்த மட்டைய வெட்டி, இழுத்துக்கிட்டே போகாம அங்கயே சாக்குல போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போயி எரிச்சோம். குஞ்சுப்பூச்சி காத்துல பறந்து அடுத்த செடிக்குப் போகும், அதனால காத்து அடங்குன நேரத்துல, வெடியாலயே இந்த வேலையப் பண்ணணும். கொஞ்சமா இருந்த எடத்துல பழைய டூத் பிரஷ், பாத்ரூம் தேய்க்கற பிரஷ் எல்லாம் எடுத்து காதி சோப்புக் கரைசல்ல நனைச்சுத் தேச்சோம். சோப்பு இல்லாம வெறும் தண்ணியோ வெறும் மருந்தோ அடிச்சா அந்த மெழுகுப் பஞ்சு மேல முத்து முத்தா நின்னு உருண்டு ஓடிரும், உள்ள எறங்காது. தேச்சு முடிச்ச பொறவு ஸ்ப்ரேயர்ல வேகமாத் தண்ணி அடிச்சுக் கழுவி, பொழுதோட வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி சோப்போட கலந்து அடிச்சோம். வெயில்ல வேப்பெண்ணெய் அடிச்சா மட்டை வெந்துரும். ஒரு தடவயோட நிக்காது, முட்டையில இருந்து புதுசு வந்துட்டே இருக்கும், வாரா வாரம் பண்ணி, பஞ்சே தென்படாத வரைக்கும் விடக்கூடாது.

இன்னொண்ணு, தேய்க்கறதுக்கு முந்தி நல்லாப் பாருங்க. அந்தப் பஞ்சுக்கு நடுவால கொஞ்சம் பெருசா, ஒடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, சுறுசுறுன்னு நடக்கற புழு இருந்தா அது எதிரி இல்லை. கிரிப்டோலேமஸ்ங்கற பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியையும் கொச்சினீலையும் திங்கும். வண்டு கருப்பு ஒடம்பு, ஆரஞ்சுத் தலை. கொச்சினீல் பொட்டை ஒரு எடத்துல ஒக்காந்தா அப்பறம் நகராது, இது ஓடும், அதுதான் அடையாளம். பாத்த புழுவ எல்லாம் குச்சியில எடுத்துப் பூச்சி இருக்கற வேற மட்டையில விட்டுப்போட்டு அப்பறமாத்தான் சோப்பு போட்டேன்.

ஐப்பசி மழையில மேட்டுல இருந்தது ஒண்ணும் ஆகல. பக்கத்து வாய்க்கா ஒடைஞ்சு தண்ணி நின்ன ஒரு மூலையில மட்டும் அடி மட்டை கருத்து, அமுக்குனா தண்ணி வர்ற மாதிரி ஆயி, கெட்ட வாடை அடிச்சுச்சு. அத வேரோட புடுங்கி, மேல நல்லா இருந்த மட்டையக் கழுத்துல வெட்டி, வெட்டுன எடத்துல உள்சதை கறையே இல்லாம சுத்தமா இருக்குதான்னு பாத்து, மறுபடி சாளையில காயவெச்சு வேற எடத்துல நட்டாச்சு. இந்தச் செடியில அது ஒரு சௌகரியம், ஒரு மட்டை நல்லா இருந்தாப் போதும்.

ஆட்டுக்குப் போடறதுக்கு வரேன். மட்டையில 90 சதவீதம் கிட்டத் தண்ணி, காஞ்ச எடையில பாத்தா புரதம் 5 சதவீதம் சுத்திதான். அதனால இது தனித் தீவனம் இல்லை, வறண்ட தட்டோட சேத்துக் குடுக்கற பச்சை, தண்ணியும் அதுக்குள்ளயே இருக்குது. மட்டைய வெட்டுனதும் வெளக்குமாத்துல மண்ணையும் முடிமுள்ளையும் நல்லாத் தேச்சு எடுத்து, அருவாமணையில விரல் அகலத்துக்குக் கீறி, பொடியா நறுக்குன சோளத்தட்டோட பிசறி வெச்சோம். வழவழப்பு தட்டுல ஒட்டிக்கும், காஞ்ச தட்ட ஒதுக்கிட்டு இருந்த ஆடுகூட அடி வரைக்கும் நக்கித் தின்னுது. மொத வாரம் ஒரு ஆட்டுக்கு ரெண்டு கைப்புடி, அப்பறம் மெதுவா ஏத்தணும். எடுத்த எடுப்புல கூடை நெறையக் கொட்டுனாலோ, தட்டு இல்லாம கள்ளிய மட்டும் போட்டாலோ கழிச்சல் வரும். இதுல ஆக்சலேட் (ஒடம்புல கால்சியத்தப் புடிச்சுக்கற உப்பு) அதிகம், அதுக்காகவும் தட்டு அவசியம். புரதத்துக்குக் கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு இல்லைன்னா அகத்தித்தழை. வெயில் உச்சியில இருந்த நாள்ல ஆடுக தொட்டித் தண்ணிப் பக்கம் போறதே கொறஞ்சு போச்சு, அத நேர்லயே பாத்தோம். கெணத்துல தண்ணி கீழ போன பங்குனி மாசத்துல அது எவ்வளவு பெரிய ஒதவின்னு ஆடு வளக்கறவங்களுக்குப் புரியும். அடி மட்டைய எப்பவும் விட்டுருங்க, மேல ரெண்டு மட்டம் மட்டும் வெட்டுனா மறுபடி துளுக்கும்.

பழத்தப் பத்தியும் கேப்பீங்க. நம்ம ரகத்துல இன்னும் பழம் விடல, கிள்ளிட்டே இருக்கறோம். கெணத்துமேட்டுல பழைய முள்ளுச் சப்பாத்தி ஒரு புதரு நிக்குது, அதுல பழுத்தத மாமா இடுக்கியில திருகி எடுத்து, மண்ணுல போட்டுச் செருப்புக்காலுல உருட்டி, தண்ணியில அலசி, தலைப்பக்கக் குழியோட ஒரு சுத்து வெட்டி எடுத்துப்போட்டுத்தான் பாப்பாவுக்குக் குடுப்பாரு. உள்ள கருஞ்செவப்பு, பீட்ரூட்ல இருக்கற அதே பீட்டாலெயின் நெறமி, நாக்கு ஒதடு எல்லாம் சாயம் புடிக்கும், மறுநாள் ஒண்ணுக்குப் போறப்பக்கூட லேசாச் செவப்பாத் தெரியலாம், பயப்படாதீங்க. வெதை கல்லாட்டம் இருக்கறதால ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கணும், நெறையத் தின்னா வயிறு கட்டிக்கும்.

மட்டை வேணும்னு பக்கத்துல நாலு பேரு கேட்டிருக்கறாங்க, இந்தத் தையில வெட்டிக் குடுக்கலாம்னு இருக்கறோம். கொச்சினீல் இல்லைன்னு நல்லாத் தேடிப் பாத்து, சோப்புல கழுவி, தனியாக் காயவெச்சுத்தான் குடுப்போம், வாங்கறவங்களும் மத்த செடியோட சேக்காம ஒரு மாசம் அக்கட்டால வெச்சுப் பாருங்க. வெட்டுன கழிவு, ஒடைஞ்சு விழுந்த மட்டை எதையும் ஓடையில வீசாதீங்க, விழுந்த எடத்துலயே வேர் புடிச்சுக்கும், அப்படித்தான் ஒரு காலத்துல காடே முள்ளாச்சு. ஒண்ணு ஆட்டுக்கு நறுக்கிப் போடுங்க, இல்லைன்னா நல்லா காயவெச்சு எரிச்சுப்போடுங்க. வேலிக்குன்னு முள்ளுச் சப்பாத்தி மட்டை கேக்கறவங்களுக்கு மட்டும் நான் குடுக்கறதில்லைங்க. வேலிக்குக் கிளுவை இருக்குது, கொறங்காட்டுக்கு அதவிட நல்ல வேலி இல்லை, குச்சி வேணும்னா எங்க வேலியில இருந்தே வெட்டிட்டுப் போங்க.